பிள்ளையாருக்குப் போன காசு

தம்பி,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் சேர்ந்திருந்துதான் கேட்டோம். "ஒரு சொறி சொல்லுங்கோ அம்மா, அவ்வளவுதான். மாமா பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. வீட்டுக்கு வந்து, நடந்ததை மறந்திடுவம் எண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும்." கேட்டு முடிந்ததும் அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லப்போறேல்லை, என்ன?" என்றார். இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்திய மனுசனுக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. என் வயிற்றில் பிறந்த உனக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். ஆகவே முதல் வரியில் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வரமாட்டேன். மன்னிப்புக் கேட்டுச் சொறி சொல்லமாட்டேன். போனில் சொன்னால் "அம்மா, பொறுங்கோ, பொறுங்கோ" என்று நடுவில் விழுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் உன்னால் விழ முடியாது. கடைசியில் எங்காவது அம்மா மனம் இளகி மன்னிப்புக் கேட்டிருப்பா என்று தேடிக்கொண்டு வாசிக்காதே. அப்படி ஒன்று இதில் இல்லை.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே திருப்பிச் சொல்லவேண்டி வந்திருக்கிறது. ஏனென்றால் வெள்ளவத்தையில் இப்போது ஓடுகிற கதையே வேறு. நான் கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னேனாம். சீதனம் போதாதென்று கலியாணத்தைக் குழப்பினேனாம். மரக்கறிக் கடையில் நிற்கிற மனுசி என்னைக் கண்டதும் வெண்டிக்காயை முறித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். காலி வீதியின் இந்தப் பக்கத்தில் சொன்ன கதை அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் இரண்டு பிள்ளை பெற்றுவிடுகிறது. அவர்கள் பேசட்டும், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ அங்கே நின்றவன். நீயும் அவர்களுடைய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

கலியாணக் கூறைச்சீலை எடுத்த நாளை நினைத்துப் பார். கூறை எடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. பெண்ணின் தகப்பன் சீலைக்கடை வைத்திருக்கும்போது வேறு கடைக்குப் போனால் மரியாதை இல்லை. அவர் கடையிலேயே எடுத்தால் விலை பேச வாய் வராது. இந்தச் சங்கடத்தோடுதான், நீ இப்போதே மாமா என்று கூப்பிடுகிற உன் வருங்கால மாமனாரின் கடைக்குப் போனோம். அவர் பில் போடவே மாட்டேன் என்று நின்றார். "பில் இல்லாமல் நான் இந்தப் படியாலை இறங்கமாட்டன் சம்பந்தி, இது எங்கட பக்கத்துச் செலவு" என்று நானும் நின்றேன். கடைசியில் பில் போட்டார், முழுக்காசையும் கொடுத்தேன். பிறகு எழும்பும்போதுதான், சீலை விரித்துக்காட்டுகிற வெள்ளைத் துணியின் ஓரத்தில் என் கால் எதிலோ இடறியது. குனிந்து பார்த்தால் ஒரு லேஞ்சி, பெண்கள் வைத்திருக்கிற கைக்குட்டை. வெளிர் நீலம், ஓரத்தில் சிவப்பு நூலால் கையால் தைத்த கரை. இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே தாள்காசு இருப்பது தொட்டவுடனே தெரிந்தது. முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. நீ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆற்றையோ காசு அம்மா, விழுத்திப்போட்டுப் போட்டினம்" என்றாய். உன் வாயால்தான் சொன்னாய். யாருடையதோ காசு.

அதை உன் மாமாவிடம் கொடுத்தேன். கடை அவருடையது, விழுத்தியவர்கள் தேடி வந்தால் அவரிடம்தான் வருவார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கூறை எடுக்கிற நாளில லட்சுமி காலடிக்கு வந்திருக்கிறா" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் பல்லைக் காட்டினேன். என் பங்குக்குப் பிழை என்று ஒன்று இருந்தால் அது அந்த இடம்தான். "மேசை லாச்சிக்குள்ள வையுங்கோ, ஆரும் தேடி வருவினம்" என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். பெரிய கடைக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேணுமோ என்று இருந்துவிட்டேன். அவர் அன்று பின்னேரமே லேஞ்சியைக் கடையில் விட்டு, காசை மட்டும் ஒரு என்வலப்பில் போட்டு, சந்தனம் பூசி, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாரின் உண்டியலில் போட்டுவிட்டார்.

நீ இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாய். "மாமா ஒரு சதம் எடுக்கேல்லை அம்மா. எல்லாம் கோயிலுக்குத்தானே போனது." ஓம் தம்பி, அவர் எடுக்கவில்லை. அவர் கள்ளன் இல்லை என்று நான் எந்தச் சபையிலும் எழும்பி நின்று சொல்லுவேன். அவர் கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எழுத வேண்டிய வேலையே இல்லை. எங்கள் ஆட்களின் கடைகளில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. கண்டெடுத்த காசு வீட்டுக்குப் போனால் வீட்டுக்குக் கூடாது, கடையில் தங்கினால் வியாபாரத்துக்குக் கூடாது, அதனால் சுவாமிக்குப் போட்டுவிட்டால் பாவம் கழிந்தது. யாருடைய பாவம் கழிந்தது? எடுத்தவருடையது. தொலைத்தவருக்கு என்ன கழிந்தது? வாடகையா, பிள்ளையின் மருந்தா? தேடி வருகிறவருக்கு ஒரு நாள் கூட இடம் கொடுக்காமல், அவருடைய காசில் இன்னொருவர் புண்ணியம் தேடிக்கொள்வதை நான் பக்தி என்று சொல்லமாட்டேன். பிள்ளையாருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உன் பொக்கற்றிலிருந்து கொடு. கடையில் விழுந்த காசு கடைக்காரருடையதும் இல்லை, கண்டெடுத்தவருடையதும் இல்லை, கடவுளுடையதும் இல்லை. விழுத்தியவருடையது. இதை விளங்கிக்கொள்ள வேதம் படிக்கத் தேவையில்லை.

உனக்குச் சரியாக நினைவிருக்காது, நீ அப்போது என் இடுப்பில் இருந்த பிள்ளை. ஊரிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தோம். உனக்குப் பால்மா வாங்கச் சந்திக் கடைக்குப் போன இடத்தில், அரிசி மூட்டைக்கு மேல் வைத்த பேர்ஸை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்குள் என் சங்கிலி விற்ற காசும் இருந்தது, அடையாள அட்டையும் இருந்தது. காசு போனால் அழலாம். அடையாள அட்டை இல்லாமல் சண்டை நடந்த அந்த நாளில் ஒரு தமிழ்ப் பெண் சந்திவரைக்கும் போய்வர முடியாது. அடுத்தநாள் லொட்ஜ்காரர் ஓடிவந்து, "உங்கட படத்தைக் காட்டிக்கொண்டு ஆரோ ஒரு சிங்கள ஆள் வந்து விசாரிக்கிறார், நான் அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். அப்பா பைகளைக் கட்டத் தொடங்கிவிட்டார். அந்த மனுசன் போய்விட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார். படியில் நின்ற என்னைக் கண்டதும் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோனா, மேக்க ஒயாகெத?" என்று, இது உங்களுடையதா எனச் சிங்களத்தில் கேட்டுப் பேர்ஸை நீட்டினார். அந்தக் கடை முதலாளிதான். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கியிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டிப்போய் இருந்தது. உள்ளே ஒரு தாள் குறையவில்லை. எங்களுக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது. அந்த மனுசன் அந்தக் காசைக் கொண்டுபோய் விகாரை உண்டியலில் போட்டிருந்தால், அவரையும் ஊர் புண்ணியவான் என்றுதான் சொல்லியிருக்கும். நீ எந்தப் பாலைக் குடித்து வளர்ந்திருப்பாய் என்று யோசித்துப் பார்.

இனி நீ மறக்க விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். உன் வேட்டி சால்வை எடுக்க நீயும் நானும் திரும்பக் கடைக்குப் போன நாள். உன் மாமா லாச்சிக்குப் பக்கத்தில் இருந்தார். நீ கண்ணாடியில் சால்வையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். கிராண்ட்பாஸில் வீட்டிலிருந்து பிளவுஸ் தைக்கிற ரிஸ்வானா என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அவள் எனக்கு, ஒரு கறுப்பு அபாயாவும் வியர்த்த முகமும் மட்டும்தான். "மொதலாளி, கொஞ்சம் பாருங்கொ. லைனிங் எடுக்க வந்த நேரம் என்ட சல்லி இங்க உழுந்து ஈக்கி. எல்லா எடத்திலயும் தேடிட்டன், பஸ்ஸிலயும் கேட்டுட்டன். ஆருக்கும் கெடச்சிச்சா?" என்று கேட்டாள்.

உன் மாமா உன்னைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வரப்போகிற மாமனார் வரப்போகிற மருமகனைப் பார்க்கிற பார்வை. அவர் உன்னிடம் பொய் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை. நீயாகத்தான் சால்வையைத் தோளில் போட்டபடி திரும்பினாய். "இல்லை அக்கா, நாங்கள் ஒண்டும் காணேல்லை" என்றாய். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய் தெரியுமா? அக்கா என்று வேறு சொன்னாய். அவள் "சரி தம்பி" என்று திரும்பப் போனாள். திரும்பும்போதுதான் கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் கையில் இருந்த துணியைக் கண்டாள். வெளிர் நீலம், சிவப்புக் கரை. "இது என்ட லேஞ்சியெல்லோ" என்றாள். சத்தம் போடவில்லை. அதைச் சொல்லிவிட்டு அவள் உன் மாமாவைப் பார்க்கவில்லை தம்பி, உன்னைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் வாய் திறக்காமல் நிற்க வேண்டும் என்றா எதிர்பார்த்தாய்? "நான்தான் பிள்ளை எடுத்தனான். எடுத்து இவரிட்டைக் குடுத்தனான்" என்றேன். நீ என் கையைப் பிடித்து, "அம்மா, பேசாமல் இருங்கோ, உங்களுக்கேன் தேவையில்லாத வேலை" என்றாய். தேவையில்லாத வேலை. அவள் வீட்டு அட்வான்ஸ் கட்டுவதற்காகக் காப்பை அடகு வைத்துக் கொண்டுவந்த காசு அது. இருக்கிற வீட்டை உரிமையாளர் விற்கிறார், வருகிற கிழமைக்குள் புது அறைக்குக் காசு கட்டாவிட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது என்று தெரியாது என்று அவள் சொல்லும்போது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அது அன்றைக்கே பிள்ளையாருக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் சொன்ன உன் மாமா, லாச்சியைத் திறந்து இரண்டு மூன்று தாளை எடுத்து, "இந்தாங்கோ, என்ரை பங்குக்கு ஒரு உதவி" என்று நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு ஸதகா, தருமம் வாணாம் மொதலாளி. என்ட சல்லியத் தாங்கொ." அப்போது அவர் என்னிடம் திரும்பிச் சொன்னதை நீயும் கேட்டாய். "நான் எடுக்காத காசை நான் ஏன் சம்பந்தி கட்டோணும்? கட்டினா நான் எடுத்தனான் எண்டெல்லோ ஆகும்." அவருடைய நியாயம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. அவருக்குத் தன் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும். அவள் தெருவில் நிற்பது இரண்டாம் விசயம்.

கோயிலுக்குப் போனேன், அது உண்மை. உண்டியலை உடைக்கச் சொன்னேன் என்பது பொய். ரிஸ்வானா வாசலுக்கு வெளியே நின்றாள், நான் உள்ளே போய்க் கோயில் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையான மனுசன். "அம்மா, உள்ளை விழுந்தா அது சுவாமின்ரை. எந்தத் தாள் ஆற்றை தாள் எண்டு நான் எப்பிடிப் பிரிக்கிறது? ஆரும் வந்து கேட்டாத் திருப்பிக் குடுக்கலாம் எண்டு விட்டா, நாளைக்கு நேர்த்திக்குப் போட்டவையும் வருவினம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அவரோடு எனக்குக் கோபம் இல்லை. வெளியே வரும்போது பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "நீங்கள் கேட்டனீங்களோ?" என்று கேட்டேன். வழக்கம்போல அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தநாள் காலையில் கூறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பில்லையும் எடுத்துக்கொண்டு உன் மாமாவின் கடைக்குப் போனேன். உன் அப்பாவிடம் சொன்னேன். "நான் மறிச்சா நிப்பியோ? போட்டு வா" என்றார். கலியாணச் செலவுக்கென்று வைத்ததெல்லாம் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கட்டியாகிவிட்டது, வீட்டில் கையில் எடுக்கக்கூடிய காசு என்று இருந்தது அந்தச் சீலை ஒன்றுதான். பெட்டியை மேசையில் வைத்து, "இதைத் திருப்பி எடுங்கோ சம்பந்தி" என்றேன்.

"நிறம் பிடிக்கேல்லையோ? மாத்தித் தாறன்."

"மாத்த வேண்டாம். காசாத் தாங்கோ. பில் இருக்கு."

"கூறையையோ?" என்றார்.

"ஓம். கூறையைத்தான்."

சீலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விரித்த சீலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். அவர் லாச்சியைத் திறந்து காசை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தார். "இதுக்கு என்ன அர்த்தம் எண்டு தெரிஞ்சுதான் செய்யிறியளோ?" என்று கேட்டார். "காசு எண்டு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாய் கூறையைத் திருப்பிக் கொடுத்தால் கலியாணம் நின்றுபோனது என்றுதான் எங்கள் சனம் நினைக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்த நேரம் யோசிக்கவில்லை. காலி வீதியில் பஸ் ஏறி இருந்த பிறகுதான் மண்டைக்குள் உறைத்தது. அதற்குள் உன்னிடமிருந்து கோல் வரத் தொடங்கிவிட்டது. போனை நிற்பாட்டி வைத்துவிட்டேன். இறங்கிப் போய் அவருக்கு விளக்கம் சொல்லியிருக்கலாம் என்று நீ சொல்கிறாய். எதற்காக என்று சொல்லியிருந்தால் அவர் ஒரு சதம் தந்திருக்கமாட்டார். கலியாணம் முறிந்தது என்ற கோபத்தில்தான் அந்தக் காசு என் கைக்கு வந்தது. அந்தக் கோபத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன், மன்னிப்புக்கடன் படவில்லை.

கிராண்ட்பாஸில் ரிஸ்வானாவின் வீட்டைக் கண்டுபிடித்துக் காசை நீட்டினேன். எண்ணிப் பார்த்துத் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி என் மடியில் வைத்தாள். "இது என்ட இல்ல அன்ரி." பிறகு, "எங்கால கெடச்சிச்சி?" என்று கேட்டாள். "பிள்ளையாரிட்டை இருந்துதான். கொஞ்சம் சுத்தி வந்தது" என்றேன். அவள் சிரித்தாள். தேத்தண்ணி தந்தாள். சுவரோடு தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த சாமான் மூட்டைகள். கதைத்துக்கொண்டு இருக்கும்போது, "கலியாணத்துக்குப் பிளவுஸ் தைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். என் கையைத் தூக்கி அளவெடுக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "அண்டைக்குக் கடையில நிண்ட தம்பி உங்கட மகனா அன்ரி?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன். அவள் நாடாவைச் சுருட்டி மெஷின் மேல் வைத்தாள். மகன் இப்படிச் செய்தானே என்று அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் உனக்காகக் கதைத்திருப்பேன் தம்பி. என்ன இருந்தாலும் நீ என் பிள்ளை. "அவன் நல்ல பிள்ளை, ஏதோ அந்த நேரம்" என்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் அதற்கு இடமே தரவில்லை. உன் மாமாவின் மேல் எனக்கு வந்தது கோபம். உன் மேல் வந்தது வேறு. உன்னை நினைத்து நான் வெட்கப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அழிக்கமாட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்று. முந்தநாள் நீ கட்டப்போகிற துளசி இங்கே வந்தாள். தனியாகத்தான், தகப்பனுக்குத் தெரியாமல். லிஃப்ட் வேலை செய்யவில்லை, அத்தனை மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து கதிரையில் இருந்தாள். கலியாணம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நல்ல பிள்ளை, அவளை இழந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. கூறையைத் திருப்பிக் கொடுத்ததற்காக அவளிடம் மட்டும் மனம் வருந்தினேன். "சீலைதானே அன்ரி, வேற எடுக்கலாம்" என்றாள். அப்பா செய்தது பிழை என்று தனக்குத் தெரியும் என்றாள். "அப்பா அப்பிடித்தான். கோயிலுக்குக் குடுத்தா எல்லாம் சரி எண்டு நினைப்பார். அவரோடை நான் வளந்தனான், எனக்கு அவரைத் தெரியும்." பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "இவர் ஏன் அன்ரி காணேல்லை எண்டு சொன்னவர்? நான் கேட்டா, உங்கட அப்பாவுக்காகத்தான் எண்டு சொல்லுறார். நாளைக்கு எனக்காகவும் இப்பிடிச் சொல்லுவாரோ? என்னட்டையும் சொல்லுவாரோ? இவர் இப்பிடித்தானோ அன்ரி?" என்று கேட்டாள்.

உன்னைப் பெற்று வளர்த்தவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. போன மாதம் கேட்டிருந்தால் "சீச்சீ, அவன் அப்படி இல்லை" என்று அடித்துச் சொல்லியிருப்பேன். உன் கலியாணம் என் வாயில் வரவேண்டிய ஒரு சொறியில் தொங்குகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது தொங்குவது அந்தப் பிள்ளையின் கேள்வியில். உன் மாமாவுக்கு முன்னால் நான் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவர் சமாதானமாகிவிடுவார், மண்டபத்தில் எல்லோரும் சிரித்துப் படம் எடுப்பார்கள், உங்களுக்கென்று பார்த்து வைத்த கல்கிசை வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் குடிபுகுவீர்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு முதலே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும்.

நீ சொல்லுவாய், ஒரு சின்ன விசயம், ஒரு சின்னப் பொய், எல்லோரும் சொல்லுவதுதான் என்று. எல்லோரும் சொல்லுகிறார்கள்தான். வரப்போகிற மாமனாரின் முகம் கோணக்கூடாது என்று அந்த நிமிடத்தில் உனக்குத் தோன்றியதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் முகம் கோணாமல் பார்க்க வேண்டிய ஆள் அங்கே இன்னொருத்தி நின்றாள். அவளுக்கு லாச்சி இல்லை, கடை இல்லை, உனக்குக் கட்டித்தர மகள் இல்லை. யாருக்குப் பயந்து நாங்கள் உண்மையை விழுங்குகிறோம் என்று பார்த்தால், எப்போதும் கையில் ஏதாவது வைத்திருப்பவனுக்குத்தான். எங்கள் பக்கத்து உண்மையை எத்தனை பேர் அப்படி விழுங்கினார்கள் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு நாங்கள் மூச்சுக்கு மூச்சு குறைசொல்லுகிறோம். பிறகு ஒரு சீலைக்கடைக்குள் நின்று அதையே செய்கிறோம்.

ஆகவே நடக்கப்போவதைச் சொல்கிறேன். கூறை நான் எடுப்பேன், வேறு கடையில். துளசியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதைவிட விலை குறைந்ததாகத்தான் இருக்கும், அதற்கு உன் மாமா என்ன சொன்னாலும் சொல்லட்டும். கலியாணத்துக்கு நான் வருவேன். அவர் கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாவிட்டாலும் வருவேன், முன்வரிசையில் இருப்பேன். அவரைக் கண்டால் வணக்கம் சொல்லுவேன். சொறி சொல்லமாட்டேன்.

என் பிளவுஸ் வெள்ளிக்கிழமை ரிஸ்வானாவிடம் ஆயத்தமாக இருக்கும். புது அறைக்குப் போய்விட்டாள், பழைய வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, விலாசத்தை அப்பா உனக்கு அனுப்புவார். நீ போய் அதை எடுத்துக்கொண்டு வா. அப்பாவைத் துணைக்குக் கூப்பிடாதே, துளசியையும் கூட்டிக்கொண்டு போகாதே. கதவைத் திறந்ததும் அவளுக்கு உன்னை யாரென்று தெரியும். "வாங்கொ தம்பி" என்றுதான் சொல்லுவாள், அவள் சுபாவம் அப்படி. நீ வாசலிலேயே நின்று, "அண்டைக்கு நான் கண்டனான். தெரிஞ்சுகொண்டுதான் இல்லை எண்டு சொன்னனான்" என்று சொல்லு. மாமாவுக்காக என்று சொல்லாதே, கலியாண நேரம் என்று சொல்லாதே. அந்த இரண்டு வசனமும் காணும். பிறகு துளசி கேட்டதற்கு நீயே போய்ப் பதில் சொல்லலாம். நீ போகாவிட்டால் நானே போய் எடுத்துக்கொண்டு வருவேன். அதைப் போட்டுக்கொண்டுதான் மண்டபத்துக்கு வருவேன், ஆர் தைத்தது என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லுவேன். என்னை உனக்குத் தெரியும்.

தையல் கூலியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அவள் வேண்டாம் என்பாள், விடாமல் கொடு. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு கொடு. அதற்கு முதல் அவள் கையில் ஒரு சதமும் வைக்காதே.

அம்மா